கேன் தண்ணீரில் ஓசோன், அறைக்காற்றில் ஓசோன்

பழைய ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறீர்களா? பரீட்சை நேரத்தில் யாரோ ஒருவருடைய மொத்த நோட்டையும் அது நகலெடுத்து முடித்ததும் ஒரு வாடை கிளம்பும். சூடான காகித வாடை, மை வாடை எல்லாம் போக, மூக்கின் உள்ளே சுருக்கென்று குத்துகிற இன்னொன்று. இடி மின்னலுடன் மழை வருவதற்குச் சற்று முன்னால் வீசும் காற்றிலும், வெல்டிங் பட்டறை வாசலிலும் அதே வாடை உண்டு. அதுதான் ஓசோன்.

அந்தப் பெயரே வாடையிலிருந்து வந்ததுதான். 1785-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் மாரும் என்பவர் மின்பொறி எழுப்பும் எந்திரத்தின் அருகே விநோதமான ஒரு வாடை வருவதைக் குறித்து வைத்தார். அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஷோன்பைன் என்ற வேதியியல் பேராசிரியர் தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்திக்கொண்டிருந்தபோது அதே வாடை வந்தது. இது தனி வாயு என்று 1840-இல் அறிவித்து, ‘மணப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓசோன் என்று பெயர் வைத்தார்.

ஓசோன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பள்ளிப் பாடத்தில் படித்த ஓசோன் படலமும் அதிலுள்ள ஓட்டையும்தான். அது தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் நடக்கிற கதை. இங்கே பேசப்போவது தரையில் மனிதன் மெஷின் வைத்துத் தயாரிக்கிற ஓசோனைப் பற்றி. தண்ணீரைச் சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்துகிறார்கள். காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லியும் விற்கிறார்கள். வாயு ஒன்றேதான் என்றாலும் இரண்டு இடத்திலும் ஒரே மதிப்பெண் கொடுக்க முடியாது.

முதலில் அது ஏன் சுத்தம் செய்கிறது என்று பார்ப்போம். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் அணுக்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஓசோனில் மூன்று. பைக்கில் ட்ரிபிள்ஸ் போகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் இருவர் சௌகரியமாக இருப்பார்கள். மூன்றாவது ஆள் நுனியில் தொற்றிக்கொண்டிருப்பார், எங்கே இடம் கிடைத்தாலும் குதித்துவிடத் தயாராக. ஓசோனின் மூன்றாவது ஆக்சிஜனும் அப்படித்தான். எதிரே பாக்டீரியா வந்தால் அதன் மேலுறை மீது பாயும். இரும்பு கரைந்திருந்தால் அதன் மீது, நாற்றம் தரும் வேதிப்பொருள் இருந்தால் அதன் மீது. இப்படிப் பாய்ந்து எதிரியைச் சிதைப்பதைத்தான் ஆக்சிஜனேற்றம் என்கிறோம். இரும்பு துருப்பிடிப்பதும் நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவதும் இதே வகைதான். ஓசோன் அதை அசுர வேகத்தில் செய்கிறது. ஆக்சிஜனேற்றும் வலிமையை வேதியியலார் வோல்ட்டில் அளப்பார்கள். குளோரினுக்கு 1.36, ஓசோனுக்கு 2.07. பாய்ந்து முடிந்ததும் மிஞ்சுவது சாதாரண ஆக்சிஜன்.

இவ்வளவு அவசரக்கார வாயுவை சிலிண்டரில் அடைத்து வைத்து விற்க முடியாது. தானாகவே உடைந்து ஆக்சிஜனாகிவிடும். ஆகவே எங்கே தேவையோ அங்கேயே, அந்த நேரத்திலேயே தயாரிக்க வேண்டும். அதற்கான கருவியை 1857-இல் ஜெர்மனியில் வெர்னர் வான் சீமென்ஸ் செய்துவிட்டார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள், நடுவே மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளியில் உயர் மின்னழுத்தம் கொடுத்தபடி காற்றை அனுப்பினால், ஆக்சிஜன் ஜோடிகளில் சில உடையும். உடைந்து தனியான அணு வேறொரு ஜோடியுடன் ஒட்டிக்கொள்ளும். ஓசோன் தயார். மின்னல் வானத்தில் செய்வதைக் கண்ணாடிக் குழாய்க்குள் செய்கிறோம், அவ்வளவுதான். இன்றைய ஓசோன் ஜெனரேட்டர்களும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

எங்கள் பகுதியில் இருபது லிட்டர் கேன் தண்ணீர் நிரப்பும் சின்ன ப்ளான்ட் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் உள்ளே போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. போர்வெல் தண்ணீர் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் வழியாக ஆர்.ஓ.வுக்குப் போகிறது. அப்புறம் யு.வி. விளக்கு. அதற்குப் பிறகு ஒரு எவர்சில்வர் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் டி.வி. ஸ்டெபிலைசர் அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மட்டும் தண்ணீர்க் குழாயோடு போய்ச் சேர்கிறது. சேரும் இடத்தில் தண்ணீர்க் குழாயின் இடுப்பு ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்தில் தண்ணீர் வேகமெடுக்கும்போது வாயுவைத் தானாகவே உறிஞ்சிப் பொடிக் குமிழிகளாக்கிக் கலக்கிவிடும். பெட்டிக்குக் காற்று போகும் வழியில் ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய நீல மணிகள். ‘இது எதுக்குண்ணே?’ என்று கேட்டேன். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதற்காம். ஈரக் காற்று உள்ளே போனால் ஓசோன் குறையும், காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமும் உருவாகிக் குழாயை அரித்துவிடும். மணிகள் ஈரத்தைக் குடித்து ரோஸ் நிறமாகிவிட்டால் வறுத்தோ மாற்றியோ வைக்க வேண்டும்.

எனக்கு இருந்த பெரிய சந்தேகம் வேறு. ஆர்.ஓ.வே எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது, யு.வி. மிச்சமிருப்பதையும் கொன்றுவிடுகிறது. பிறகு எதற்கு ஓசோன்? ப்ளான்ட் அண்ணன் சிரித்தார். ‘ஆர்.ஓ. தண்ணியைத்தான் கழுவும் தம்பி. கேனை யார் கழுவுறது?’

யு.வி. விளக்கின் வேலை தண்ணீர் அதைக் கடக்கும் சில நொடிகளோடு முடிந்தது. கேனை என்னதான் கழுவியிருந்தாலும் உள்பக்க மூலையிலோ மூடியிலோ நாலு கிருமி ஒட்டியிருக்கலாம். தண்ணீரில் கரைந்த ஓசோன் அதோடு கேனுக்குள் போகிறது, மூடி போட்ட பிறகும் சிறிது நேரம் உள்ளே வேலை செய்கிறது. அமெரிக்காவில் பாட்டில் தண்ணீருக்கு வைத்திருக்கும் வரம்பு, நிரப்பும் நேரத்தில் லிட்டருக்கு அதிகபட்சம் 0.4 மில்லிகிராம் ஓசோன். அந்தக் கணக்கில், வீணாவதை விட்டுவிட்டால், ஒரே ஒரு கிராம் ஓசோன் 2,500 லிட்டருக்கு வரும். அதாவது நூற்று இருபத்தைந்து கேன்.

அப்படியானால் நாம் ஓசோனைக் குடிக்கிறோமா? இல்லை. தண்ணீரில் அதன் அரை ஆயுள் 20 டிகிரி வெப்பத்தில் தோராயமாக இருபது நிமிடம். தண்ணீரின் தன்மையைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும், நம்மூர் வெயிலில் இன்னும் சீக்கிரம் போய்விடும். இருபது நிமிடத்தில் பாதி, நாற்பதில் கால் என்று போனால் இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. கேன் லோடு ஆட்டோவில் ஏறி, கடைக்குப் போய், உங்கள் வீட்டு மூன்றாவது மாடிக்கு வந்து சேர்வதற்குள் ஓசோன் ஆக்சிஜனாகியிருக்கும்.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. குளோரின் போட்ட தண்ணீரில் வரும் அந்த நீச்சல்குள வாடை இதில் இல்லை. ஆனால் கேனைத் திறந்த பிறகு உங்களுக்குக் காவலும் இல்லை. திறந்த கேனில் அழுக்குப் பம்பைச் செருகி இரண்டு வாரம் வைத்தால், அதில் ஒரு காலத்தில் ஓசோன் இருந்தது என்பது எந்தக் கிருமியையும் தடுக்காது. பெரிய நகரங்களில் ஓசோனால் சுத்திகரித்தாலும் கடைசியில் கொஞ்சம் குளோரின் சேர்த்துக் குழாயில் விடுவது இதனால்தான். மைல் கணக்கில் ஓடும் குழாய்க்குள் கூடவே நடந்து வருவதற்குக் குளோரின்தான் லாயக்கு.

நகரங்கள் என்றேன். இது புதுச் சமாச்சாரம் இல்லை. நெதர்லாந்தின் அவுட்ஸ்ஹோர்ன் என்ற ஊரில் 1893-லேயே குடிநீரை ஓசோனால் சுத்திகரித்தார்கள். பிரான்சின் நீஸ் நகரம் 1906-இல் தொடங்கியது. அமெரிக்கா வெகு காலம் குளோரினே போதும் என்றிருந்தது. 1993-இல் மில்வாக்கி நகரத்துக் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி புகுந்து, சுமார் நான்கு லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். தண்ணீரில் குளோரின் இருக்கத்தான் செய்தது. அந்த ஒட்டுண்ணியின் முட்டை போன்ற வடிவத்துக்குத் தடித்த ஓடு உண்டு, குடிநீரில் போடும் அளவு குளோரினுக்கு அது அசைந்து கொடுக்காது. ஓசோன் அதை உடைக்கும். 1998-இல் அந்த நகரம் தன் சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனைச் சேர்த்தது.

ஆனால் ஓசோனைக் காட்டிவிட்டால் போதாது, நேரமும் கொடுக்க வேண்டும். எவ்வளவு அளவு, எத்தனை நிமிடம் என்ற இரண்டையும் பெருக்கித்தான் கணக்குப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், நான்கு நிமிடம் என்பது 1960-களில் பிரான்சில் போலியோ வைரஸை வைத்து நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த பழைய அளவுகோல். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு அது போதாது, பல மடங்கு வேண்டும். கிருமியைக் கொல்கிறது என்று பொத்தாம்பொதுவாக யாராவது சொன்னால் எந்தக் கிருமி, எத்தனை நிமிடம் என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த ஓசோன் வேலை கிருமி சம்பந்தப்பட்டதே இல்லை. முதல் மழை விழுந்ததும் வரும் மண்வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் செய்வது. ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகினால் அதுவும் இதையே உண்டாக்கும். காற்றில் வந்தால் கவிதை எழுதுகிறோம். குடிநீரில் வந்தால் ‘தண்ணி சேத்து வாடை அடிக்குது’ என்று புகார் கொடுக்கிறோம். நம் மூக்கு இந்த ஒரு பொருளுக்கு மட்டும் பொல்லாத மூக்கு. ஒரு லிட்டரில் 10 நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ததும்பி நிற்கும் அந்த ஏரி முழுக்க வாடை வர, கணக்குப்படி ஒரு கிலோ ஜியோஸ்மின் கலந்தால் போதும்! குளோரின் இதை ஒன்றும் செய்வதில்லை. ஓசோன் பெருமளவு சிதைத்துவிடும். பாசி வாடையால் அவதிப்படும் ஏரி நீரை நம்பியிருக்கும் நகரங்கள் ஓசோனுக்குச் செலவழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஓசோனால் முடியாதது? உப்பு. தண்ணீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் அது தொடாது. டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் முன்னும் பின்னும் அதே எண்தான் காட்டும். கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கிப் பிரித்துவிடும். ஆனால் அந்தத் துருவை வடிகட்டி எடுப்பது உங்கள் பொறுப்பு. பெரிய கரிமப் பொருட்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கும், அந்தத் துண்டுகள் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி! அதனால் நகர சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனுக்கு அடுத்ததாகக் கார்பன் படுகை ஒன்றை வைத்து அந்தத் துண்டுகளை அங்கேயே தீர்த்துவிடுவார்கள்.

ஒரு ஆபத்தும் உண்டு. தண்ணீரில் புரோமைடு என்ற உப்பு கரைந்திருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றிவிடும். இது புற்றுநோய் சந்தேகம் உள்ள பொருள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 2004-இல் பிரிட்டனில் கோகோ கோலா நிறுவனம் தன் ‘டசானி’ பாட்டில் தண்ணீரைச் சந்தைக்கு வந்த சில வாரங்களிலேயே, சுமார் ஐந்து லட்சம் பாட்டில்களை, திரும்பப் பெற்றது இதனால்தான். சுவைக்காகவும் கால்சியத்துக்காகவும் சேர்த்த கால்சியம் குளோரைடில் புரோமைடு இருந்திருக்கிறது. அதன் பிறகு ஓசோன் ஏற்றியதும் புரோமேட் வரம்பைத் தாண்டிவிட்டது. கடல்நீரில் புரோமைடு நிறைய உண்டு என்பதால், கடல்நீர் புகுந்த போர்வெல் தண்ணீரில் நேரடியாக ஓசோன் ஏற்றினால் இதே வம்பு. ஆர்.ஓ. முன்னால் இருந்தால் புரோமைடின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். முதலில் ஆர்.ஓ., பிறகு ஓசோன் என்ற வரிசைக்கு இப்படியும் ஒரு பயன்.

இப்போது காற்றுக்கு வருவோம்.

ஓசோன் காற்று உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்தது. கடற்கரைக் காற்றில் ஓசோன் நிறைந்திருக்கிறது, போய் மூச்சு இழுங்கள் என்று மருத்துவர்களே அனுப்பினார்கள். அந்தக் கடல் வாடை உண்மையில் பாசியும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கந்தகச் சேர்மத்தின் வாடை. ஓசோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லண்டனில் 1911-இல் பாதாள ரயிலின் சென்ட்ரல் பாதையில் புழுக்க நாற்றத்தைப் போக்க ஓசோன் கலந்த காற்றையே உள்ளே ஊதினார்கள். அந்த நம்பிக்கையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ‘ஆக்டிவ் ஆக்சிஜன்’, ‘மழைக்குப் பின் வரும் புத்துணர்ச்சி’ என்ற பெயரில் ஆன்லைனில் விற்கும் வீட்டு ஓசோன் மெஷின்கள்.

என் நண்பர் ஒருவர் அப்படி ஒன்று வாங்கினார். அவருடைய வாடகை வீட்டு அறையில் மழைக்காலப் பூஞ்சை வாடை. மெஷினை இரவெல்லாம் ஓடவிட்டுத் தூங்கினார். ‘வாடை வருது பாருங்க, நல்லா வேலை செய்யுது’ என்று பெருமையாகக் காட்டினார். இரண்டு வாரத்தில் வறட்டு இருமல். சுற்றுலாப் படங்களைச் சுருட்டி அலமாரியில் வைத்திருந்தார், அவற்றில் போட்டிருந்த ரப்பர் பேண்டுகள் ஒவ்வொன்றாகப் பட்பட்டென்று அறுந்தன. எடுத்துப் பார்த்தால் குறுக்கே வரிவரியாக வெடிப்பு.

இழுத்துக் கட்டிய ரப்பரை ஓசோன் எப்போதுமே இப்படித்தான் வெடிக்க வைக்கும். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தில் ஓசோன் இருப்பதை நிறுவிய ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி, வளைத்த ரப்பர் துண்டுகளைக் காற்றில் வைத்து அவை எவ்வளவு நேரத்தில் வெடிக்கின்றன என்று பார்த்தே ஓசோனை அளந்தார். ரப்பருக்கு நேர்வதை நுரையீரலுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பொருத்திப் பாருங்கள். பாய்வதற்குத் தயாராக இருக்கும் அந்த மூன்றாவது அணுவுக்கு இது பூஞ்சை, இது மனிதன் என்ற பாகுபாடு கிடையாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். வெளிக்காற்றில் ஓசோன் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவின் தர அளவு. காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.05 பங்கு, அதாவது 0.05 பி.பி.எம். கலிஃபோர்னியாவில் விற்கும் எந்தக் காற்றுச் சுத்திகரிப்பானும் வெளிவிடக்கூடிய ஓசோனுக்கும் இதே 0.05 பி.பி.எம். வரம்புதான். இந்த அளவுக்குள் நின்றால் ஓசோன் அறைக்காற்றில் கிருமியையோ பூஞ்சையையோ சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்வதில்லை. செய்ய வேண்டுமென்றால் வரம்பைப்போல் ஐந்திலிருந்து பத்து மடங்கு தேவை என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஆக, உங்களுக்குக் கெடுதல் செய்யாத அளவு ஓசோன் பூஞ்சைக்கும் கெடுதல் செய்யாது.

தண்ணீரில் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை? அங்கே சண்டை மூடிய தொட்டிக்குள் நடக்கிறது, நாம் வெளியே நிற்கிறோம், ஓசோன் செத்த பிறகுதான் தண்ணீர் நம்மிடம் வருகிறது. அறையில் ஓடவிட்டால் தொட்டிக்குள்ளேயே நாமும் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறோம்.

வேறொரு வம்பும் இருக்கிறது. எலுமிச்சை வாசனைத் தரை துடைக்கும் திரவம், ஆரஞ்சு ஸ்பிரே இவற்றிலுள்ள வாசனைப் பொருட்களோடு ஓசோன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவும் மிக நுண்ணிய துகள்களும் உருவாகும். அறையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஓசோன் மெஷினைப் போடுகிறவர், இல்லாத மாசைப் புதிதாகத் தயாரிக்கிறார். மூக்கும் நம்மைக் கைவிடும். தொடக்கத்தில் பளிச்சென்று தெரிகிற வாடை, கொஞ்ச நேரத்தில் பழகிப்போய்விடும். வாடை நின்றதால் ஓசோன் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

காற்றில் ஓசோனுக்கு இடமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஆளில்லாத மூடிய இடத்தில் அதற்கு வேலை உண்டு. தீப்பிடித்த வீட்டின் புகை நாற்றம், சிகரெட் வாடை ஊறிய ஓட்டல் அறை, பழைய கார் இவற்றுக்கெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் அதிக அளவில் ஓசோன் விடுவார்கள். மனிதர், வளர்ப்புப் பிராணி, செடிகள் எல்லாம் வெளியே. முடிந்ததும் நன்றாகக் காற்றோட்டம் விட்டு, ஓசோன் வடிந்த பிறகே உள்ளே போக வேண்டும். கழிவுநீர் நிலையங்களில் வெளியேறும் நாற்றக் காற்றைக் குழாய்க்குள்ளேயே ஓசோனால் சுத்தம் செய்வதும் உண்டு. கவனித்தீர்களா, இவை எல்லாமே மறுபடி அந்த மூடிய தொட்டிதான். தினசரி வீட்டுக் காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். தூசிதான் பிரச்சினை என்றால் ஹெப்பா ஃபில்டர் உள்ள சாதாரண மெஷின் வாங்குங்கள், அதில் காற்றுக்கு மின்னேற்றம் கொடுக்கும் அயனைசர் என்று ஏதாவது இருந்தால் ஓசோன் வருமா என்று பார்த்து வாங்குங்கள். பூஞ்சைக்கு, சுவரில் நீர் கசியும் இடத்தை அடைப்பதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த முறை கேன் ப்ளான்ட் பக்கம் போனபோது நண்பரின் கதையைச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் கதவோரம் தரையை ஒட்டிப் பொருத்தியிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் காட்டினார். ஓசோன் காற்றைவிட கனமானது, கசிந்தால் கீழேதான் தங்கும். ‘இங்க வாடை வந்துச்சுன்னா எங்கேயோ லீக்குன்னு அர்த்தம். மெஷினை ஆஃப் பண்ணிட்டு எல்லாரையும் வெளியே அனுப்பிடுவேன். உங்க ஃப்ரெண்டு அந்த வாடைக்குக் காசு கொடுத்திருக்காரு!’

நண்பரின் மெஷின் இப்போது அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கிறது. ரப்பர் பேண்டு புது பாக்கெட் வாங்கிவிட்டார்.